ஜூலியஸ் நைரேரே: தான்சானியாவின் ஆசிரியர் அதிபர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆப்பிரிக்கத் தலைவர் என்றதும் நம்மில் பலருக்கு முதலில் மண்டேலா நினைவுக்கு வருவார், அடுத்து உகாண்டாவின் சர்வாதிகாரி இடி அமீன். அந்த அமீனை நாட்டைவிட்டு ஓட வைத்தவர் யார் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. அவர்தான் ஜூலியஸ் நைரேரே. அவரைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். அவர்மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. அதற்காக அவர் செய்த தவறுகளை மறைக்க மாட்டேன்.

நைரேரே யார்? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கனிக்கா 1961இல் விடுதலை பெற்றபோது பிரதமர். 1962இல் அதன் முதல் அதிபர். 1964இல் சான்சிபார் தீவுகளோடு இணைந்து தான்சானியா உருவானபின் 1985 வரை அந்நாட்டின் அதிபர்.

பிறந்தது 1922 ஏப்ரல் 13, விக்டோரியா ஏரிக்குக் கிழக்கே புட்டியாமா என்ற ஊரில். அப்பா சனாக்கி என்ற சின்ன இனக்குழுவின் தலைவர், பல மனைவியர் உள்ள பெரிய குடும்பம். பையன் பள்ளிக்கூடத்தை முதன்முதலாகப் பார்த்ததே பன்னிரண்டு வயதில்தான். அங்கிருந்து தபோரா அரசுப் பள்ளி, உகாண்டாவின் மக்கரேரே கல்லூரி, பிறகு எடின்பரோ பல்கலைக்கழகம். 1952இல் முதுகலைப் பட்டத்தோடு ஊர் திரும்பினார்.

அவரை ஏன் ‘ம்வாலிமு’ என்கிறார்கள்?

சுவாஹிலியில் ம்வாலிமு என்றால் ஆசிரியர். தார் எஸ் சலாமுக்கு வெளியே புகு என்ற இடத்தில் இருந்த கத்தோலிக்கப் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டேதான் கட்சி வேலையும் பார்த்தார். 1955இல் பள்ளி நிர்வாகம், வேலையா அரசியலா என்று முடிவு செய்யச் சொன்னது. வேலையை விட்டார். ஆசிரியர் தொழில் தானே விரும்பி எடுத்தது, அரசியல் தற்செயலாக வந்து சேர்ந்தது என்று பின்னாளில் அவரே சொல்வதுண்டு.

இதை வெறும் பட்டப்பெயராக நான் பார்க்கவில்லை. அவர் செய்த நல்லதும் கெட்டதும் இந்த ஒரு சொல்லிலிருந்து கிளைத்தவை. எதையும் பொறுமையாக விளக்கிச் சொல்லி ஊரைத் தன் பக்கம் இழுப்பார். விளக்கியும் கேட்காதவர்களை என்ன செய்வது என்று வந்தபோது, அந்தக் காலத்து ஆசிரியர்கள் கையில் எடுத்ததையே அவரும் எடுத்தார்.

துப்பாக்கிச் சத்தம் இல்லாமல் டாங்கனிக்கா எப்படி விடுதலை பெற்றது?

முதல் உலகப்போர் வரை அது ஜெர்மன் காலனி. அதன்பின் பிரிட்டன் நிர்வாகம் செய்தாலும், கடைசியில் ஐ.நா.வின் பொறுப்பாட்சிப் பகுதியாகவே இருந்தது. அதனால் பிரிட்டனுக்கு மேலே முறையிட ஓர் இடம் இருந்தது. நைரேரே அதை நன்றாகப் பயன்படுத்தினார். 1954 ஜூலை 7 அன்று அவருடைய ‘டானு’ (டாங்கனிக்கா ஆப்பிரிக்கத் தேசிய ஒன்றியம்) கட்சி தொடங்கியது. அடுத்த ஆண்டே நியூயார்க் போய் ஐ.நா. மன்றத்தில் பேசினார்.

இங்கே ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும்: பீபி டிட்டி முகமது. தார் எஸ் சலாமில் ங்கோமா என்ற மேளப் பாட்டுக் குழுவில் பாடிக்கொண்டிருந்தவர். வீடு வீடாகப் போய் ஆயிரக்கணக்கான பெண்களைக் கட்சியில் சேர்த்தார். எடின்பரோவில் படித்தவரின் கட்சிக்குக் கூட்டம் சேர்த்துக் கொடுத்தது, பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாத இந்தப் பெண்கள்தான்.

நைரேரேயின் அரசியல் சாமர்த்தியம் வெளிப்பட்டது 1958இல். பிரிட்டிஷார் விசித்திரமான தேர்தல் முறை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். வாக்காளர் ஒவ்வொருவரும் மூன்று ஓட்டுப் போட வேண்டும்: ஆப்பிரிக்கர் ஒருவருக்கு, ஐரோப்பியர் ஒருவருக்கு, ஆசியர் ஒருவருக்கு. நாட்டில் ஆப்பிரிக்கர்கள் 85 லட்சத்துக்கு மேல், ஐரோப்பியர் சுமார் இருபதாயிரம் பேர். ஆனாலும் இனத்துக்கொரு இடம்! புறக்கணிப்போம் என்று கட்சியில் பலர் கொதித்தார்கள். தபோராவில் நடந்த மாநாட்டில் நைரேரே எதிர்த்துப் பேசினார். நம் ஓட்டு இல்லாமல் எந்த ஐரோப்பியரும் ஆசியரும் ஜெயிக்க முடியாது, ஆகவே நம்மோடு ஒத்துப்போகிறவர்களை நாமே தேர்ந்தெடுப்போம் என்பது அவர் வாதம். அப்படியே நடந்தது. ஆப்பிரிக்கரை அடக்கிவைக்கப் போட்ட கணக்கு, டானு ஆதரித்த மூன்று இனத்தவரையும் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. 1960 தேர்தலில் 71 இடங்களில் 70 டானுவுக்கு. 1961 டிசம்பர் 9 விடுதலை.

விடுதலை கிடைத்த ஆறே வாரத்தில் பிரதமர் பதவியிலிருந்து ஏன் விலகினார்?

1962 ஜனவரியில் பதவியை ரஷீதி கவாவாவிடம் கொடுத்துவிட்டுக் கட்சியைப் பலப்படுத்தப் போய்விட்டார். விடுதலை வந்ததும் கட்சியின் முக்கியமானவர்கள் எல்லோரும் அமைச்சரும் அதிகாரியும் ஆகிவிட்டார்கள். ஊர்க்கிளைகள் ஆளின்றிக் கிடந்தன. கட்சிக்குள் வெள்ளையர், ஆசியர் எதிர்ப்பும் புகைந்துகொண்டிருந்தது. ஓராண்டு போல ஊர் ஊராகச் சுற்றினார். அந்த டிசம்பரில் நாடு குடியரசானபோது அதிபராகத் திரும்பினார்.

இந்திய வம்சாவளியினரை எப்படி நடத்தினார்?

இதற்கு ஒற்றை வரியில் பதில் கிடையாது. 1961 அக்டோபரில், இனம் பாராமல் குடியுரிமை தரும் சட்டம் விவாதத்துக்கு வந்தது. ஆப்பிரிக்கருக்கு மட்டுமே குடியுரிமை என்று சொந்தக் கட்சிக்காரர்களே எழுந்து பேசினார்கள். நைரேரே கொந்தளித்தார். தோல் நிறத்தை வைத்துக் குடிமகனைத் தீர்மானிப்பது ஹிட்லரின் வழி என்றார். இது நிறைவேறாவிட்டால் அரசு பதவி விலகும் என்றார். சட்டம் நிறைவேறியது. இந்திய வம்சாவளியைச் சேர்ந்த அமீர் ஜமால் பல ஆண்டுகள் அவருடைய நிதியமைச்சராக இருந்தார்.

ஆனால் 1971இல், ஒரு லட்சம் ஷில்லிங்குக்கு மேல் மதிப்புள்ள வாடகைக் கட்டடங்களை அரசு எடுத்துக்கொண்டது. சட்டத்தில் இனத்தின் பெயரே இல்லை. ஆனாலும் நகரத்தில் வாடகைக் கட்டடம் வைத்திருந்தவர்களில் பெரும்பாலோர் ஆசியர்கள், அதிலும் இந்திய வம்சாவளியினர். இரண்டு தலைமுறைச் சேமிப்பு ஒரே நாளில் கைமாறியது. ஆயிரக்கணக்கானோர் நாட்டைவிட்டுப் போனார்கள். பக்கத்து உகாண்டாவில் அமீன் ஆசியர்களை விரட்டியதுபோல ஒரு விரட்டல் இங்கே நடக்கவில்லை. பொருளை இழந்தவருக்கு அந்த வேறுபாடு பெரிய ஆறுதலாக இருந்திருக்காது என்றும் எனக்குத் தோன்றுகிறது.

சான்சிபார் எப்படி வந்து சேர்ந்தது?

1964 ஜனவரி 12 அன்று சான்சிபாரில் புரட்சி, சுல்தான் ஓட்டம், பெரும் கொலைகள். அடுத்த வாரமே தார் எஸ் சலாமில் நைரேரேயின் சொந்தப் படை, சம்பள உயர்வும் ஆப்பிரிக்க அதிகாரிகளும் கேட்டுக் கலகம் செய்தது. அதிபர் சில நாள் ஒளிந்திருக்க வேண்டியதாயிற்று. கடைசியில் பழைய எசமானரான பிரிட்டனையே துருப்பு அனுப்பச் சொன்னார். அதைவிட ஒரு தலைக்குனிவு அவருக்கு இல்லை. அந்தப் படையைக் கலைத்து, கட்சி இளைஞர்களை வைத்துப் புதிய படை கட்டினார். ஆப்பிரிக்காவில் இராணுவப் புரட்சிகள் வரிசையாக நடந்த அந்தப் பத்தாண்டுகளில் தான்சானியா தப்பியதற்கு இது முக்கியக் காரணம்.

சான்சிபார் தலைவர் அபெய்த் கருமேயுடன் பேசி ஏப்ரல் 26 அன்று இணைப்பு நடந்தது. இந்தத் தீவுகள் பனிப்போரின் ஆடுகளமாகிவிடும் என்ற அச்சம் ஒருபுறம், ஆப்பிரிக்க ஒற்றுமைக் கனவு மறுபுறம். இரு பக்க மக்களிடமும் யாரும் ஓட்டுக் கேட்கவில்லை. அந்தக் குறை இன்றுவரை தீவில் ஒலிக்கிறது.

அவர் சர்வாதிகாரியா?

1965 முதல் ஒரே கட்சி ஆட்சி. விசாரணையின்றிச் சிறைவைக்கும் சட்டம் 1962லேயே வந்துவிட்டது. அதைப் பயன்படுத்தவும் செய்தார். ஆஸ்கர் கம்போனா என்ற நெருங்கிய தோழர் 1967இல் முரண்பட்டு வெளிநாடு போனார். முன்பு சொன்ன பீபி டிட்டி 1969இல் கைதானார். தேசத்துரோக வழக்கில் ஆயுள் தண்டனை. 1972இல் மன்னித்து விடுவித்தார்கள். கட்சியைக் கட்டியெழுப்பிய பெண் அந்தக் கட்சியின் சிறையில் இருந்தார் என்பதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு மனம் கசக்கிறது. இன்று தார் எஸ் சலாமின் பெரிய சாலை ஒன்றுக்கு அவர் பெயர்.

இன்னொரு பக்கம், அந்த ஒரு கட்சிக்குள்ளேயே போட்டி வைத்தார். 1965 தேர்தலில் பெரும்பாலான தொகுதிகளில் டானு சார்பில் இரண்டு பேர். ஒருவருக்குச் சின்னம் மண்வெட்டி, மற்றவருக்கு வீடு. எழுதப் படிக்கத் தெரியாதவரும் பார்த்து ஓட்டுப் போடலாம். இரண்டு அமைச்சர்கள் தோற்றுப்போனார்கள். அதிபர் பதவிக்கு மட்டும் ஒரே வேட்பாளர். வேண்டும் அல்லது வேண்டாம். இப்படி ஓர் ஆட்சியைச் சர்வாதிகாரம் என்று சொல்லிக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை, ஜனநாயகம் என்று சொல்லவும் வாய் வரவில்லை.

உஜாமா என்றால் என்ன? அருஷா பிரகடனம் என்பது?

உஜாமா என்றால் குடும்பத்தன்மை. கூட்டுக் குடும்பத்தில் உழைப்பையும் உணவையும் பகிர்வதுபோல நாடே பகிர்ந்து வாழலாம், ஆப்பிரிக்கருக்கு சோஷலிசத்தை வெளியிலிருந்து யாரும் கற்றுத்தரத் தேவையில்லை என்பது அவர் கருத்து.

அருஷா பிரகடனத்துக்கு முன்பு நடந்த ஒன்றைச் சொன்னால் அது நன்றாகப் புரியும். 1966 அக்டோபரில் கட்டாயத் தேசிய சேவையை எதிர்த்துப் பல்கலைக்கழக மாணவர்கள் அதிபர் மாளிகைக்கு ஊர்வலம் போனார்கள். சேவைக் காலத்தில் சம்பளத்தில் பெரும்பகுதி பிடிக்கப்படும் என்பது அவர்கள் குறை. காலனி ஆட்சியே மேல் என்று ஒரு தட்டியில் எழுதியிருந்தது. நைரேரே கடைசிவரை கேட்டார். பிறகு வெடித்தார். படித்தவர்கள் எல்லோரும், தானும் உட்பட, விவசாயியின் முதுகில் ஏறி அதிகச் சம்பளம் வாங்குகிறோம் என்றார். அந்த இடத்திலேயே தன் சம்பளத்தில் 20 விழுக்காட்டைக் குறைத்துக்கொண்டார். மாணவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார், ஏறக்குறைய நானூறு பேரை.

1967 பிப்ரவரி 5 அன்று வெளிவந்த அருஷா பிரகடனம் அந்தக் கோபத்தின் சட்ட வடிவம். வங்கிகளும் பெரிய நிறுவனங்களும் அரசுடைமை ஆயின. கட்சித் தலைவரோ உயர் அதிகாரியோ நிறுவனப் பங்கு வைத்திருக்கக் கூடாது, இரண்டு சம்பளம் வாங்கக் கூடாது, வீடு கட்டி வாடகைக்கு விடக் கூடாது. வெளிநாட்டுப் பணத்தை நம்பாமல் சொந்த உழைப்பால் நிற்பது என்று நாடு முடிவெடுத்தது.

மக்களை வலுக்கட்டாயமாகக் கிராமங்களுக்கு மாற்றினார் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. அவர் வாழ்க்கையிலேயே பெரிய தவறு இது.

நோக்கம் நல்லது. தான்சானிய விவசாயிகள் ஒருவரிலிருந்து ஒருவர் வெகு தூரத்தில், தனித்தனிக் குடிசைகளில் இருந்தார்கள். ஓரிடத்தில் கூடினால் பள்ளியும் மருத்துவமனையும் குழாய்த் தண்ணீரும் தரலாம். யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 1960களில் அவரே எழுதினார். தெற்கே ருவுமா பகுதியில் விவசாயிகள் தாங்களாகவே அப்படிக் கூட்டுக் கிராமங்களை நடத்திவந்தார்கள். நைரேரேயே மெச்சிய முயற்சி அது. ஆனால் கட்சி மேலிடத்தை மதிக்காமல் தன் காலில் நிற்கும் அமைப்பு என்பதாலேயே 1969இல் கட்சி அதைத் தடை செய்தது. உஜாமாவின் உயிர் போனது அன்றுதான் என்பது என் எண்ணம்.

கூட்டுக் கிராமத் திட்டத்துக்கு எதிர்ப்பு வராமல் இல்லை. 1971 கிறிஸ்துமஸ் அன்று இரிங்கா பகுதியில் சயீதி ம்வாம்விந்தி என்ற மக்காச்சோள விவசாயி, மண்டல ஆணையரான கிளெரூவைத் தன் நிலத்திலேயே சுட்டுக் கொன்றார். உடலை ஆணையரின் காரிலேயே ஏற்றிக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோய்ச் சரணடைந்தார். அவரைத் தூக்கிலிட்டார்கள்.

1973 நவம்பரில், கிராமத்தில் வாழ்வது இனிக் கட்டளை என்று நைரேரே அறிவித்தார். 1976 முடிவுக்குள் எல்லோரும் மாற வேண்டும். லாரிகள் வந்தன. திரும்பிப் போகாதபடி பழைய வீட்டின் கூரையைப் பிரித்தார்கள், சில இடங்களில் கொளுத்தினார்கள். சாலையோரம் நேர்க்கோட்டில் புது வீடுகளுக்கு இடம் அளந்து கொடுத்தார்கள். மண் எப்படி, தண்ணீர் எங்கே என்று பல இடங்களில் யாரும் பார்க்கவில்லை.

தெற்கில் முந்திரி விவசாயிகளுக்கு நடந்ததைப் பாருங்கள். முந்திரியைக் கிளையிலிருந்து பறிப்பதில்லை. பழுத்துக் கீழே விழுந்த கொட்டையைப் பொறுக்கி எடுக்க வேண்டும். அதனால் மரத்தடியில் புதரை வெட்டி எப்போதும் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். வீடு மரத்தோடு இருந்தவரை அது தினசரி வேலை. புதுக் கிராமத்திலிருந்து தோப்புக்குப் பல கிலோமீட்டர் நடக்க வேண்டும் என்றானதும் புதர் மண்டியது, கொட்டை புதருக்குள் விழுந்து வீணானது. கொள்முதல் விலையும் குறைவு. 1973-74இல் சுமார் 1,45,000 டன்னாக இருந்த விளைச்சல் 1980களில் 20,000 டன்னுக்கும் கீழே போயிற்று.

பொருளாதாரம் படுத்ததற்கு அவர் மட்டும்தான் காரணமா?

இல்லை. 1973-74இல் வறட்சி, கூடவே எண்ணெய் விலை. நாடு ஏற்றுமதி செய்த நார்க்கற்றாழைக்கு உலகச் சந்தையில் விலை விழுந்தது. கென்யா, உகாண்டாவோடு சேர்ந்து நடத்திய கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகம் என்ற கூட்டமைப்பு 1977இல் உடைந்தது. 1979இல் இன்னொரு எண்ணெய் அதிர்ச்சி, அதோடு உகாண்டா போர்ச் செலவு. இவையெல்லாம் அவர் கையில் இல்லை. ஆனால் கிராமக் குடியேற்றமும், நட்டத்தில் ஓடிய அரசு நிறுவனங்களும், விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கங்களைக் கலைத்ததும் அவர் முடிவுகள். 1980களின் தொடக்கத்தில் சர்க்கரைக்கும் சோப்புக்கும் சமையல் எண்ணெய்க்கும் வரிசை நின்றது.

பன்னாட்டு நிதியத்தின் (ஐ.எம்.எஃப்) நிபந்தனைகளை ஏற்க மறுத்தார். உலகத்துக்கெல்லாம் நிதியமைச்சகம் நடத்த அதற்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று கேட்டார். கேள்வி நியாயமானது; கஜானா காலியாக இருந்ததும் உண்மை. நிதியத்துடன் உடன்பட வேண்டும் என்ற நிதியமைச்சர் எட்வின் ம்தேய் 1979இல் பதவி விலகினார்.

அமீனோடு ஏன் போர்?

1971இல் அமீன் உகாண்டாவில் ஆட்சியைப் பிடித்தபோது, விரட்டப்பட்ட அதிபர் மில்டன் ஒபோட்டேவுக்கு நைரேரே அடைக்கலம் கொடுத்தார். பகை அங்கே தொடங்கியது. 1978 அக்டோபர் கடைசியில் அமீனின் படை தான்சானியாவின் ககேரா பகுதிக்குள் நுழைந்து, ஊர்களைக் கொள்ளையடித்து, அதைத் தன் நாட்டோடு இணைத்துவிட்டதாக அறிவித்தது. நவம்பர் 2 அன்று நைரேரே பேசினார்: அவரை அடிக்க நமக்குக் காரணம் இருக்கிறது, மனம் இருக்கிறது, வலு இருக்கிறது. மூன்றே சின்ன வாக்கியங்கள்.

1979 ஏப்ரல் 11 அன்று கம்பாலா வீழ்ந்தது. அமீனுக்கு உதவ வந்த லிபியப் படையாலும் தடுக்க முடியவில்லை. செலவு 50 கோடி டாலர் அளவுக்கு ஆனது என்பார்கள். ஏழை நாடு அதைத் தனியே சுமந்தது. பின்னர் ஒபோட்டே மீண்டும் அதிபராக நைரேரேயின் ஆதரவு இருந்தது. 1980 தேர்தல் முறைகேட்டுப் புகாரில் சிக்கி, உகாண்டா மறுபடி உள்நாட்டுப் போரில் விழுந்தது. அமீனை விரட்டியதில் அவருக்குப் புகழ் என்றால், இதிலும் அவருக்குப் பங்கு உண்டு.

ஆப்பிரிக்காவின் தெற்கில் உள்ள நாடுகளின் விடுதலைக்கு என்ன செய்தார்?

நிறைய. ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் விடுதலைக் குழு இயங்கியது தார் எஸ் சலாமிலிருந்துதான். மொசாம்பிக்கின் விடுதலை இயக்கமான ஃப்ரெலிமோ 1962இல் அங்கேதான் பிறந்தது. அதன் தலைவர் எடுவார்டோ மொண்ட்லானே 1969இல் பார்சல் குண்டுக்குப் பலியானதும் அங்கேதான். ரொடீசிய (இன்றைய சிம்பாப்வே) வெள்ளையர் அரசைப் பிரிட்டன் அடக்கவில்லை என்று 1965இல் லண்டனுடன் உறவை முறித்தார். அதனால் வரவேண்டிய 75 லட்சம் பவுண்டு கடன் நின்றுபோனது, தெரிந்தே முறித்தார். சாம்பியாவின் செம்பு வெள்ளையர் ஆட்சிப் பகுதிகள் வழியாகப் போகாமலிருக்க, மேற்கு நாடுகள் மறுத்த ரயில் பாதையைச் சீனாவின் உதவியோடு கட்டினார். 1,860 கிலோமீட்டர், 1970இல் தொடங்கி ஐந்தே ஆண்டு.

120 இனக்குழுக்கள் உள்ள நாடு உடையாமல் இருப்பது எப்படி?

பெரிய இனம் என்று ஒன்று ஆதிக்கம் செலுத்தாதது ஓர் அதிர்ஷ்டம். நைரேரேயே சின்னக் குழுவில் பிறந்தவர். ஆனால் சுவாஹிலியை நாட்டின் மொழியாக்கியது திட்டமிட்ட வேலை. அது எந்த ஒரு பெரிய இனத்துக்கும் சொந்தமில்லாத, கடற்கரை வணிகத்தில் வளர்ந்த மொழி. தொடக்கப்பள்ளி முழுக்க அதில். ஷேக்ஸ்பியரின் இரண்டு நாடகங்களைப் பதவியில் இருக்கும்போதே அவர் சுவாஹிலியில் பெயர்த்தார். நம் மொழிக்கு இவ்வளவு கொள்ளளவு உண்டு என்று காட்டத்தான். முதியோர் கல்வியும் சேர்ந்து, 1980களில் எழுத்தறிவு 90 விழுக்காட்டை ஒட்டியதாக அரசு சொன்னது. விடுதலையின்போது நாட்டில் இரண்டு பொறியாளர்களும் பன்னிரண்டு மருத்துவர்களுமே இருந்தார்கள் என்பது அவரே சொன்ன கணக்கு.

பதவியைத் தானாக விட்டாரா?

ஆம். 1985 நவம்பர் 5 அன்று அலி ஹசன் ம்வின்யியிடம் கொடுத்துவிட்டு இறங்கினார். யாரும் தள்ளவில்லை. கட்சித் தலைமையை மட்டும் 1990 வரை வைத்திருந்தார்.

அதைவிட எனக்குப் பெரிதாகப்படுவது, தவறைத் தன் வாயால் சொன்னது. அருஷா பிரகடனத்துக்குப் பத்தாண்டு ஆனபோது, தான்சானியா சோஷலிச நாடும் ஆகவில்லை, சொந்தக் காலில் நிற்கவும் இல்லை என்று அதிபராக இருந்துகொண்டே எழுதினார். உள்ளாட்சிகளையும் கூட்டுறவுகளையும் கலைத்தது தவறு, திரும்பத் தொடங்கினால் அதைச் செய்ய மாட்டேன் என்றார். கிராமக் குடியேற்றத்தைப் பற்றி அவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு உண்டு.

1991இல் ஓர் ஆணையம் நாடு முழுக்கக் கருத்துக் கேட்டது. ஏறக்குறைய 80 விழுக்காட்டினர் ஒரு கட்சி முறையே போதும் என்றார்கள். ஆனாலும் பல கட்சி முறைக்கு மாறலாம் என்றவர்களில் நைரேரே முன்னால் நின்றார்.

சொத்துச் சேர்த்தாரா?

அவரைக் கடுமையாக வெறுத்தவர்கள்கூட அந்தப் பழியைச் சுமத்தியதில்லை. ஓய்வுக்குப் பின் புட்டியாமாவில் விவசாயம் பார்த்தார்.

இந்தியாவோடு தொடர்பு உண்டா?

நேரு விருது பெற்றவர். 1995இல் இந்திய அரசு காந்தி அமைதிப் பரிசைத் தொடங்கியபோது முதலில் கொடுத்தது இவருக்குத்தான்.

எப்போது இறந்தார்? இன்று எப்படி நினைவுகூர்கிறார்கள்?

புருண்டி உள்நாட்டுப் போரைத் தீர்க்கச் சமரசம் பேசிக்கொண்டிருந்தவர், இரத்தப் புற்றுநோயால் 1999 அக்டோபர் 14 அன்று லண்டன் மருத்துவமனையில் இறந்தார். புட்டியாமாவில் அடக்கம் செய்தார்கள். அவர் விட்ட புருண்டிப் பேச்சுவார்த்தையை மண்டேலா தொடர்ந்தார்.

அக்டோபர் 14 அங்கே பொது விடுமுறை. விடுதலை நாளில் கிளிமஞ்சாரோ உச்சியில் ஏற்றிய தீபத்தின் நினைவாக ஒவ்வோர் ஆண்டும் ஒரு தீப்பந்தம் மாவட்டம் மாவட்டமாக நாட்டைச் சுற்றி வருகிறது. அந்த ஓட்டம் முடிவது அவர் இறந்த நாளில்.